புறம்போக்கு இருக்கும் இடமாகப் பார்த்துத் தீப்பிடிப்பதில்லை

ஒரு தீயணைப்பு நிலையக் கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்பது அங்கே வேலை பார்ப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்திருக்கும். கூரைப் பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். ஐப்பசி பிறந்தால் தொலைபேசி இருக்கும் அறையில் ஒழுகும். வண்டி நிறுத்தும் கூடத்தின் தூண் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பொறியாளர் ஒருவர் வந்து, 'பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அரசுக்கு அது தெரியவரும். அதன்பின் கோப்பு கிளம்பும். மாவட்ட அலுவலரிடமிருந்து இயக்குநரகம், அங்கிருந்து உள்துறை. நிலம் வேண்டுமே, அதனால் மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர் என்று இறங்கிக் கடைசியில் கிராம நிர்வாக அலுவலர். அவரிடம் போய்ச் சேரும் கேள்வி ஒன்றுதான்: அரசு நிலம் எங்கே காலியாகக் கிடக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் அடுத்த 50 ஆண்டுகளுக்கு ஓர் ஊரின் தீயணைப்பு நிலையம் எங்கே இருக்கும் என்பதை முடிவுசெய்கிறது. ஊர் எந்தப் பக்கம் வளர்ந்திருக்கிறது, எந்தத் தெருவில் வண்டி நுழையாது, ரயில்வே கேட் எங்கே இருக்கிறது, பஞ்சுக் கிடங்கும் பட்டாசுக் கடையும் ஐந்து மாடி மருத்துவமனையும் எங்கே இருக்கின்றன என்பதெல்லாம் அந்தக் கோப்பில் வராது. சர்வே எண் வரும். பரப்பு வரும். ஆட்சேபணை இல்லை என்ற வரி வரும். பழைய நிலையங்களை இடித்துப் புதியவை கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், நிலத்தை முதலில் பிடித்துவிட்டு நிலையத்தை அதில் கொண்டுபோய் வைக்கும் இந்த வழக்கத்தை மாற்றாமல் எத்தனை கோடி செலவழித்தாலும், நமக்கு மிஞ்சப்போவது புதுப் பெயிண்டும் கல்வெட்டும்தான்.

தீயணைப்பில் நிமிடம்தான் அளவுகோல். இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை, தீயின் இயல்பே அப்படி. அமெரிக்காவின் யு.எல். ஆய்வுக்கூடத்தில் இரண்டு வரவேற்பறைகளை அருகருகே அமைத்துக் கொளுத்திப் பார்த்தார்கள். ஒன்றில் பழைய காலத்து மரச் சாமான்களும் பருத்தித் துணியும். மற்றொன்றில் இன்றைய ஃபோம் சோபா, பாலியெஸ்டர் திரை, செயற்கை இழைக் கம்பளம். பழைய அறை முழுவதும் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. புதிய அறைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நம் வீடுகளும் இப்படித்தான் மாறியிருக்கின்றன. தேக்கு நாற்காலியும் கோரைப் பாயும் இருந்த கூடத்தில் இன்று ஃபோம் மெத்தையும் பிளாஸ்டிக் கூரைத் தட்டியும் பிளைவுட் அலமாரியும் இருக்கின்றன. எரிந்தால் வேகமாக எரியும், நச்சுப் புகையைக் கக்கும். நிலையங்களின் இடத்தை நம் தாத்தா காலத்து வீடு எரியும் வேகத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. சாலையில் நாம் வழக்கமாகப் பார்க்கும் தீயணைப்பு வண்டி சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். அதிலிருக்கும் பம்ப் நிமிடத்துக்கு 2,250 லிட்டர் வரை தள்ளக்கூடியது. முழு வேகத்தில் அடித்தால் இரண்டே நிமிடத்தில் வண்டி காலி. அதனால்தான் வீரர்கள் ஒற்றைக் குழாயில் அளந்து அடிக்கிறார்கள், வேடிக்கை பார்ப்பவர்களும் 'தண்ணி வரல' என்று ஏசுகிறார்கள். தெருவுக்குத் தெரு தீயணைப்புக் குழாய் முனை இருக்கும் ஊர்களில் முதல் வண்டி வந்ததும் தெருக் குழாயில் இணைத்துக்கொள்வார்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் அது கிடையாது. வண்டி திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும், அல்லது அடுத்த நிலையத்து வண்டி வர வேண்டும். ஆகவே நிலையம் தள்ளிப்போகும்போது கூடுவது முதல் வண்டி வரும் நேரம் மட்டும் அல்ல. இரண்டாவது நடை, மூன்றாவது நடை எல்லாம் சேர்ந்தே தள்ளிப்போகின்றன.

விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் நிலையான தீயணைப்பு ஆலோசனைக் குழு எப்போதோ அளவுகளை வகுத்துவிட்டது: நகரத்தில் 10 சதுர கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், அழைப்பு வந்து 5 முதல் 7 நிமிடத்துக்குள் வண்டி சம்பவ இடத்தில் நிற்க வேண்டும். கிராமப்புறத்தில் 50 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று, 20 நிமிடம். இந்த அளவுகளை வைத்துப் பார்த்தால் நாட்டில் நிலையங்கள் 97.54 சதவீதமும், வாகனங்கள் 80.04 சதவீதமும், ஆட்கள் 96.28 சதவீதமும் பற்றாக்குறை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 2012 வழிகாட்டி நெறிமுறைகள் கூறின. இப்படிப்பட்ட எண்களால் ஒரு கெடுதல் உண்டு. நூற்றுக்கு இரண்டுதான் இருக்கிறது என்று சொன்னால் எந்த அதிகாரியும் பதறமாட்டார். எட்டவே முடியாத இலக்கு என்று மடித்து வைத்துவிடுவார். 'உங்கள் வார்டுக்கு வண்டி வர 19 நிமிடம் ஆகிறது' என்று சொன்னால்தான் ஒரு கவுன்சிலர் நிமிர்ந்து உட்காருவார்.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம், குறை சொல்வதற்காக அல்ல, கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பரப்பு ஏறக்குறைய 87 சதுர கிலோமீட்டர். 10 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் எட்டு, ஒன்பது நிலையங்கள் வேண்டும். 10 சதுர கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சுமார் 1.8 கிலோமீட்டர் ஆரம் கொண்ட ஒரு வட்டம். வட்டம் வரைவது சுலபம். அதன் நடுவே ஜி.எஸ்.டி. சாலையும், அதை ஒட்டியே தண்டவாளமும் ஓடுகின்றன. தண்டவாளத்துக்குக் கிழக்கே சேலையூர், மாடம்பாக்கம். மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர். வட்டத்துக்குள் இருந்தாலும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வண்டி மேம்பாலம் ஏறி, சுற்றி, இறங்கித்தான் வர வேண்டும். குரோம்பேட்டை ராதா நகர் கேட்டில் ரயில் போகும்வரை நின்று பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அதே சாலையின் தென் முனையில் வெளியூர்ப் பேருந்துகளும் சேர்ந்துகொண்டன. பொங்கலுக்கு முந்தைய மாலையில் பெருங்களத்தூரைக் கடந்து பார்த்தவர் யாரும் 1.8 கிலோமீட்டர் என்பதைத் தூரமாக எடுத்துக்கொள்ள மாட்டார், நேரமாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இதே கதையின் பெரிய வடிவம் சென்னை. 1908-இல் சென்னையில் தீயணைப்புப் படை அமைந்தபோது ஊர் என்பது கோட்டையும் ஜார்ஜ் டவுனும் அவற்றைச் சுற்றியிருந்த பேட்டைகளும்தான். 2011-இல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து ஒரே தாவலாக 426 ஆனது. குடிநீரும் குப்பை வண்டியும் வரவில்லை என்று புதிதாகச் சேர்ந்த பகுதிகள் போராடின. தீயணைப்பு நிலையம் கேட்டு நடந்த சாலை மறியலை நான் பார்த்ததில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வர முடிகிறது, ஏனென்றால் தண்ணீர் தினமும் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை தேவைப்படலாம், தேவைப்படாமலே போகலாம் என்ற சேவைக்காக யார் மறியல் செய்வார்கள்? இந்தத் துறை அரசியலில் பலமிழந்து நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

பெரிய விபத்துக்குப் பிறகு விழிப்பு வரத்தான் செய்கிறது. அது எப்போதும் எரிந்த கட்டடத்தின் பக்கமே திரும்புகிறது. 1975-இல் அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் எரிந்தபோது மேல் மாடிகளுக்கு எட்டும் ஏணி துறையிடம் இல்லை என்று ஊர் கண்டுகொண்டது. கட்டடம் திறந்தது 1959-இல். பதினாறு ஆண்டுகள் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமைப்பட்ட நகரம், அதற்கேற்ற ஏணியைப் பற்றி யோசிக்கவில்லை. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன, படிக்கட்டின் அகலம் அளக்கப்பட்டது. செய்ய வேண்டியதுதான். 2017 மே 31-இல் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பல மாடி ஜவுளிக் கடை ஒன்று ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது, பக்கவாட்டில் வண்டி நிற்க இடமில்லாமல் சுவரில் துளை போட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. அப்போதும் விதிமீறல் கட்டடங்களைப் பற்றித்தான் பேசினோம். அதுவும் நியாயமே. கட்டடம் வழிவிடாவிட்டால் வாசலிலேயே நிலையம் இருந்தாலும் பயனில்லை. ஆனால், எந்த விபத்துக்குப் பிறகும், 'இந்தப் பகுதிக்கு நிலையம் சரியான இடத்தில் இருக்கிறதா?' என்ற கேள்வி பொது விவாதத்துக்கு வந்ததாக நினைவில்லை. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேற்பட்டால் உயரமான கட்டடம் என்று தனிப் பிரிவில் வைத்து, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றைக் கேட்கின்றன. கட்டடக்காரர் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், எத்தனை படிக்கட்டு வைக்க வேண்டும், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. அந்தச் சான்றைத் தரும் துறையின் வண்டி அந்தக் கட்டடத்துக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்பதற்குக் கணக்கு இல்லை.

சரி, பழைய கட்டடங்களில் என்னதான் குறை? இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் 'பழுதடைந்த கட்டடம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காத குறைகள் அவை.

முதல் குறை கூடத்தின் அளவு. முன்னாளில் வாங்கிய வண்டிகளின் உயரத்துக்கும் நீளத்துக்கும் கட்டியவை இந்தக் கூடங்கள். இன்று வரும் பெரிய தண்ணீர் லாரியும் மீட்பு ஊர்தியும் உள்ளே நுழைவதில்லை. வெளியே வெயிலில் நிற்கின்றன. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய வண்டியின் ரப்பர் வளையங்களும் குழாய்களும் டயர்களும் வேப்பமரத்து நிழலை நம்பியிருக்கின்றன. இரண்டாவது, இரவும் பகலும் நிலையத்திலேயே இருக்கும் ஆட்கள் படுப்பதும் உண்பதும் வண்டிக் கூடத்தை ஒட்டிய அறையில். டீசல் இன்ஜினை உறுமவிட்டால் புகை நேராகக் கட்டிலுக்கு வரும். தீயில் நின்றுவிட்டுத் திரும்பும் வீரரின் உடையிலும் பூட்ஸிலும் கரியோடு நச்சுப் பொருட்களும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. அந்த உடையைக் கழற்றி மாட்டுவதும் அதே அறையின் ஆணியில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2022-இல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே பிரிவு. இந்த முடிவுக்குப் பின் உலகில் புதிதாகக் கட்டும் நிலையங்களில் அழுக்கு உடை கழற்றும் இடம், குளிக்கும் இடம், படுக்கும் இடம் என்று மூன்றையும் சுவர் வைத்துப் பிரிப்பது அதிகரித்துவருகிறது. நம் ஊரில் புதுக் கட்டடத்தின் வரைபடம் பழைய வரைபடத்தின் நகலாகவே இருந்தால், நோயையும் சேர்த்துப் புதுக் கட்டடத்துக்குக் குடிபெயர்த்தவர்கள் ஆவோம்.

மூன்றாவது, பெண்கள். இத்துறையில் பெண் அதிகாரிகள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தின் பழைய அரண்மனைக் கட்டடம் எரிந்தபோது உள்ளே போய்த் தீக்காயம் பட்டவர் அப்படி வந்த அதிகாரியான பிரியா ரவிச்சந்திரன். அதே தீயில் சக அலுவலர் ஒருவர் உயிரிழந்தார். பழைய நிலையங்களோ பெண்கள் இந்த வேலைக்கு வருவார்கள் என்று கனவிலும் நினைக்காத காலத்தில் கட்டியவை. தனிக் கழிப்பறை, உடை மாற்றும் அறை, இரவுப் பணிக்குப் படுக்கை என்று எதுவும் அங்கே கிடையாது. நிலையத்தில் இடமில்லாததே பெண்களைச் சேர்க்காமல் இருக்க ஒரு சாக்காகிவிடும்.

வேலையின் தன்மையும் மாறிவிட்டது. துறையின் பெயரிலேயே 'மீட்பு' சேர்ந்திருக்கிறது. கிணற்றில் விழுந்த மாடு, சமையலறையில் புகுந்த சாரைப்பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் குளவிக்கூடு, மின்தூக்கியில் சிக்கிய முதியவர், லாரிக்கு அடியில் நசுங்கிய கார் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. (பாம்புக்காக 101-ஐ அழைக்கும் நாம், மின்கம்பியில் பொறி பறந்தால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் அழைக்கிறோம், அது தனிக் கதை.) இரும்பு வெட்டும் கருவி, கயிறு, படகு, மூச்சுக் கருவி எல்லாம் வைக்க அறை வேண்டும், பழகிப் பார்க்க முற்றம் வேண்டும். முற்றம் இல்லாத நிலையத்தில் பயிற்சி என்பது ஏட்டில் எழுதும் வரி.

ஆக, மாற்றுவது தவிர்க்க முடியாதது. எங்கே மாற்றுவது என்பதற்கு வருவோம்.

தமிழ்நாட்டில் 'காலியாகக் கிடக்கும் அரசு நிலம்' என்றால் பெரும்பாலும் என்ன? ஏரிப் புறம்போக்கு, வாய்க்கால் ஓரம், மேய்க்கால், ஊருக்கு வெளியே பாறைக்காடு. ஏரிப் புறம்போக்கில் கட்டக் கூடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது ஒருபுறம் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பார்க்கலாம். வெள்ளம் வந்தால் முதலில் கிளம்ப வேண்டிய படகு தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தையே ஊரின் பள்ளத்தில் கட்டினால், மற்றவர்களைக் காப்பாற்றக் கிளம்புவதற்கு முன் நிலையத்தார் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பாறைக்காடு என்றால் மேடுதான், வெள்ளம் வராது. ஆனால் ஊருக்கு வர புறவழிச் சாலையைப் பிடித்து, சுங்கச்சாவடி தாண்டி, 'யூ டர்ன்' தேடித் திரும்ப வேண்டும்.

நல்ல இடத்துக்கு இலக்கணம் தெரியாமல் இல்லை. வாசல் எதிரே சிக்னலில் நிற்கும் வாகன வரிசை இருக்கக் கூடாது. வண்டி வெளியே வந்து நிற்க, அதன் நீளத்துக்காவது முன்தளம் வேண்டும், இல்லாவிட்டால் சைரன் போட்டபடி நேராகப் பேருந்தின் விலாவில் போய் முட்டும். இரண்டு சாலைகளுக்கு வழி இருந்தால் ஒன்றை ஊர்வலம் மறித்தாலும் இன்னொன்று இருக்கும். வற்றாத கிணறோ ஆழ்துளையோ வேண்டும். நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் வழிகாட்டி நெறிமுறைகள் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு நிலையம், அதற்கு ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர் என்கின்றன. துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேர். வளர்ந்துவிட்ட ஊரின் நடுவில் இரண்டரை ஏக்கர் கேட்டால் வருவாய்த் துறை சிரிக்கும். அந்தச் சிரிப்பிலும் நியாயம் இருக்கிறது.

அதனால்தான் பழைய இடத்தைப் பற்றிய பேச்சு முக்கியமாகிறது. பழைய நிலையங்கள் பலவும் ஊரின் நல்ல இடத்தில் இருக்கின்றன. பேருந்து நிலையம், கடைவீதி, தேர்முட்டி, அரசு மருத்துவமனை என்று ஊர் கூடும் இடங்களுக்குப் பக்கத்தில். ஊர் வெளியே வளர்ந்திருக்கலாம். ஆனால் நெரிசலான, சந்துகள் நிறைந்த, மின்கம்பி தொங்கும், ஒரே சுவரைப் பகிரும் வீடுகள் கொண்ட பழைய ஊர் உள்ளேதான் இருக்கிறது. மதுரையில் 2020 தீபாவளி இரவில் பழைய கடைவீதிப் பகுதியில் ஒரு ஜவுளிக் கடைக் கட்டடம் எரிந்து இடிந்ததில் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிர் விட்டார்கள். நம் கோயில் நகரங்களில் எல்லாம் மாட வீதிகளைச் சுற்றி இப்படிப்பட்ட கட்டடங்கள்தான். அங்கிருந்து நிலையத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் புறவழிச் சாலையில் மூன்று வண்டிக் கூடத்தோடு பளபளவென்று கட்டினால், புது நகர்களுக்கு நன்மை, பழைய ஊருக்கு நட்டம்.

என் யோசனை இதுதான்: இடமாற்றம் என்று சொல்வதை விட்டுவிட்டுப் பிரித்தல் என்று யோசிக்கலாம். பெரிய வண்டிகளும் பயிற்சி முற்றமும் குடியிருப்பும் கொண்ட முதன்மை நிலையத்தை ஊர் வளர்ந்த பக்கத்தில் நல்ல சாலையின்மேல் கட்டட்டும். பழைய மனையில் இடிந்த கட்டடத்தை அகற்றிவிட்டு, சந்துக்குள் நுழையக்கூடிய சிறிய வண்டி ஒன்று, ஆறேழு பேர், ஒரு தண்ணீர்த் தொட்டி என்று சிறு நிலையம் ஒன்றை வைக்கட்டும். அதற்கு இரண்டரை ஏக்கர் தேவையில்லை. இரண்டு நிலையத்துக்கு இரு மடங்கு ஆள் வேண்டுமே என்று நிதித் துறை கேட்கும். ஆள் கூடத்தான் வேண்டும். அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் வளர்ந்த ஊருக்கு எப்படியும் கூடுதல் ஆள் தேவை. அவர்களை ஒரே கூரையின் கீழ் வைப்பதா, இரண்டு இடத்திலா என்பதுதான் முடிவு.

இதற்கு முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னையில் படை தொடங்கிய அதே 1908-இல் சிங்கப்பூரின் ஹில் ஸ்ட்ரீட்டில் ஒரு தீயணைப்பு நிலையம் கட்டி முடிக்கப்பட்டது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அந்தக் கட்டடத்தை 1998-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். அதோடு நிற்காமல், அதில் இன்றும் வண்டிகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பகுதியில் காட்சிக்கூடம், இன்னொரு பகுதியிலிருந்து வண்டி கிளம்புகிறது. நிலத்தின் விலை நம்மைவிடப் பல மடங்கு அதிகமான ஊரில், நகரத்தின் மையத்தில், அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்திசைக்கு உதாரணம் லண்டன். 2014 ஜனவரியில் செலவைக் குறைக்க 10 நிலையங்களை ஒரே வீச்சில் மூடினார்கள். அவற்றில் 1872 முதல் இயங்கிய கிளார்க்கன்வெல்லும், நைட்ஸ்பிரிட்ஜ், வெஸ்ட்மின்ஸ்டர் போல நிலம் தங்க விலை போகும் பகுதிகளும் அடக்கம். பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தால் அடுத்த ஆண்டு அடைக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனையைக் கைவிட்டால் திரும்ப வாங்க முடியாது.

நம் ஊரில் பழைய மனைக்குக் கண் வைப்பவர்கள் தனியார் மட்டும் அல்ல. வணிக வளாகம் கட்ட நகராட்சி கேட்கும், விரிவாக்கத்துக்குப் போக்குவரத்துக் கழகம் கேட்கும், வேறு ஏதோ அலுவலகத்துக்கு வருவாய்த் துறையே எடுத்துக்கொள்ளும். 'பொது நோக்கம்' என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

இங்கே யார் பொறுப்பு என்ற சிக்கலும் இருக்கிறது. 74-வது அரசமைப்புத் திருத்தம் 12-வது அட்டவணையில் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்ட பணிகளில் தீயணைப்பும் ஒன்று. மும்பையிலும் அகமதாபாத்திலும் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில். தமிழ்நாட்டில் அது உள்துறையின் கீழ் உள்ள மாநிலத் துறை. மாநிலம் முழுவதும் ஒரே பயிற்சி, ஒரே தரம், ஒரு மாவட்டத்து வண்டியை இன்னொரு மாவட்டத்துக்கு அனுப்பும் வசதி என்று இதில் நன்மைகள் உண்டு. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால், மாமன்றக் கூட்டத்தில் தெருவிளக்கையும் கால்வாயையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் உறுப்பினர்கள் தீயணைப்பு நிலையத்தைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் அது அவர்கள் பொறுப்பில் இல்லை. ஐந்நூறு வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கு அனுமதி கொடுப்பது ஒரு துறை, அதன் தீயை அணைக்க வருவது இன்னொரு துறை. முதல் துறை எவ்வளவு வேகமாக ஊரை வளர்க்கிறது என்பது இரண்டாவது துறைக்கு அழைப்பு வந்த பிறகுதான் தெரியும். சட்டப்பேரவையில் காவல், தீயணைப்பு மானியக் கோரிக்கை ஒரே நாளில் வரும். காவல் துறை விவாதமே அந்த நாளை விழுங்கிவிடும், புதிய தீயணைப்பு நிலையங்களின் பட்டியல் ஒன்றைப் படிப்பார்கள், மேசையைத் தட்டுவார்கள். அறிவிக்கப்பட்ட நிலையம் வாடகைக் கட்டடத்தில் தொடங்கும். காவலர் வீட்டுவசதிக் கழகம் சொந்தக் கட்டடம் கட்டித் தரும்வரை அங்கேயே ஓடும்.

பணம் இல்லை என்ற பதிலை முழுதாக ஏற்க வேண்டாம். 15-வது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை விரிவாக்கவும் நவீனமாக்கவும் மத்திய அரசு 2023 ஜூலையில் 5,000 கோடி ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 25 சதவீதம் போட வேண்டும். நாடு முழுவதற்கும் பங்கு பிரித்தால் பெரிய தொகை அல்ல, ஆனால் ஒரு தொடக்கம். அதைவிட முக்கியமான ஒரு வழி மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. பெரிய கட்டடங்களுக்கு அனுமதி தரும்போது உட்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் என்று சதுர மீட்டர் கணக்கில் வசூலிக்கிறோம். அந்தக் கட்டடத்தால் ஊரின்மேல் ஏறும் பாரத்துக்கு அந்தக் கட்டடமே கொடுக்கும் பங்கு அது. பாலத்துக்கும் குடிநீருக்கும் போகும் அந்தப் பணத்தில், எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அந்தப் பகுதியின் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு பங்கு என்று விதி செய்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பழைய மகாபலிபுரம் சாலை அளவுக்குக் கட்டடம் எழும்பிய பகுதியில் இப்படி ஒரு விதி முன்பே இருந்திருந்தால், நிலம் மலிவாக இருந்தபோதே நிலையங்களுக்கு இடம் வாங்கியிருக்கலாம்.

அந்தத் தருணம் தெற்கேயும் மேற்கேயும் இன்னும் முழுதாகக் கைநழுவவில்லை. சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. 2008-இல் வந்த இரண்டாவது திட்டத்துக்குப் பின் ஊர் எப்படி உருமாறியது என்பதைக் கண்ணால் பார்த்தோம். அடுத்த இருபது ஆண்டுகளில் எந்தச் சாலை அகலமாகும், எங்கே மெட்ரோ வரும், எந்த வயல் மனையாகும் என்று வண்ணம் தீட்டும் அதே வரைபடத்தில் தீயணைப்பு நிலையங்களுக்கும் இப்போதே இடம் குறிக்கச் சொல்ல வேண்டும். அதைக் குறிப்பதற்கு வேண்டிய தரவு துறையிடமே இருக்கிறது. ஒவ்வோர் அழைப்பும் வந்த நேரம், வண்டி கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம் எல்லாம் நிலையப் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. ஐந்தாண்டுப் பதிவேடுகளை எடுத்து வரைபடத்தில் ஏற்றினால், ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும் தெருக்கள் எவை என்று தெரிந்துவிடும். நிலையம் வாரியாக அதை ஆண்டுதோறும் வெளியிடவும் வேண்டும். பள்ளித் தேர்ச்சி விகிதத்தை மாவட்ட வாரியாக வெளியிடும் அரசுக்கு இது கடினமான காரியமாக இருக்காது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய நிலையங்களின் மதிப்பீட்டில் செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது வீரர்களின் குடியிருப்பு. பழைய நிலையங்களில் ஓட்டு வீடானாலும் வளாகத்துக்குள்ளேயே சில குடும்பங்கள் இருந்தன. பெரிய தீ என்று மணி அடித்தால் ஓய்வில் இருப்பவர்களும் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவர முடிந்தது. இன்று நகரத்து வாடகை கொடுக்க முடியாமல் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்துகொண்டு ரயிலிலும் பேருந்திலும் வேலைக்கு வரும் வீரரை இரவு இரண்டு மணிக்குக் கூடுதல் ஆளாக அழைத்து என்ன பயன்? ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் தேதி, 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக, துறையில் மலர்வளையம் வைத்து மௌன அஞ்சலி செலுத்துகிறார்கள். நமக்கு அன்று சித்திரைத் திருநாள், அம்பேத்கர் பிறந்த நாள், பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அது போகட்டும். புதிய நிலையத்துக்கான மதிப்பீட்டில் இருந்து குடியிருப்பை வெட்டுவதானால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும், பழைய மனையைத் துறையின் இசைவில்லாமல் வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்றும் ஓர் அரசாணை போட நிதி எதுவும் தேவையில்லை.